அழுங்கைக் கொண்டுவரப் போனேன்

விழுப்புரம் சந்திப்பில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிய பிறகுதான் போன் வந்தது. நான் தேடி வந்த விலங்கை முந்தின நாள் மாலையே திண்டிவனத்துக்கு மாற்றிவிட்டார்களாம். திண்டிவனத்தை ரயில் தாண்டும்போது நான் சன்னலோரம் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

"கோச்சிக்காதீங்க மேடம். இங்க சத்தம் ஜாஸ்தி. திண்டிவனத்துல நம்ம பழைய குவார்ட்டர்ஸ் ஒண்ணு காலியா இருந்திச்சி. இருட்டா இருக்கும்னு அங்க வச்சிட்டோம். ஒரு பஸ்ஸப் புடிச்சி ஜல்தியா வந்துடுங்க" என்றார் வனத்துறை வனவர் தேவராஜ்.

நான் கால்நடை மருத்துவர். சொந்த ஊர் நாகர்கோவில். வேலை பார்ப்பது வடக்கே ஒரு நகரத்து உயிரியல் பூங்காவில். சென்னைக்கு ஒரு பயிற்சி வகுப்புக்காக வந்திருந்தபோது எங்கள் இயக்குநர் கூப்பிட்டார். விழுப்புரம் பக்கம் கெடாரில் ஒரு கிணற்றிலிருந்து அழுங்கு ஒன்றை மீட்டிருக்கிறார்கள், காலில் காயமாம், போய்ப் பாருங்கள், முடிந்தால் கையோடு கொண்டுவாருங்கள் என்றார். குரலில் அவ்வளவு ஆசை.

ஆசைக்குக் காரணம் இருக்கிறது. புலி இல்லாத பெரிய பூங்கா அபூர்வம். ஆனால் அழுங்கு இருக்கிற பூங்காக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எறும்புத்தின்னி என்றும் சொல்லும் இந்த விலங்குக்கு உடம்பெல்லாம் ஓடு வேய்ந்தது போலச் செதில். வாயில் ஒரு பல் கிடையாது. எறும்பும் கரையானும்தான் சாப்பாடு. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். கூண்டில் வைத்தால் பயந்துகொண்டே இருக்கும், பயந்தே செத்துப்போகும். எங்களிடம் ஒரே ஓர் ஆண் உண்டு. அதற்குத் துணையாக வந்த பெண் சில மாதங்கள்தான் தாங்கியது. அதன் வயிற்றை அறுத்துப் பார்த்தவள் நான். குடல் முழுக்கப் புண்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு பெண்மணி கூடையோடு ஏறினார். "மல்லாட்ட, மல்லாட்ட, அவிச்ச மல்லாட்ட." எங்கள் ஊரில் கடலை என்போம். முதலில் ஏதோ கிழங்கு என்று நினைத்தேன். காகிதத்தில் சுற்றி வாங்கிய பிறகுதான் நமக்குத் தெரிந்ததுதான் என்று புரிந்தது. ஆனால் இந்த ருசி தெரிந்ததில்லை. அப்போதுதான் மண்ணிலிருந்து பிடுங்கி அவித்த கடலை. தோலை உரிக்கும்போது உள்ளே தங்கியிருந்த உப்புத் தண்ணீர் விரலில் வழிந்தது.

தோல் உரிக்கிற மும்முரத்தில், பஸ் ஊருக்குள் போகுமா என்று கேட்க மறந்துவிட்டேன். நடத்துநர் மேம்பாலத்துக்கு முன்னால் விசில் ஊதினார். "திண்டிவனம்லாம் எறங்கு!"

"பஸ் ஸ்டாண்டுக்குப் போகாதா?"

"பைபாஸ் வண்டிம்மா இது. ஏறும்போதே கேக்கக் கூடாதா? அதோ நிக்குது பாரு ஆட்டோ, புடிச்சிக்கினு போ."

நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிகள் கிளப்பிய புழுதியில் நின்றேன். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலையாவது ஒரு குளமாவது கண்ணில் படும். இங்கே வானம்தான் அகலம்.

குவார்ட்டர்ஸ் என்று சொன்னது ஓர் ஒற்றை அறைக் கட்டடம். சன்னலைச் சாக்கால் மறைத்திருந்தார்கள். மூலையில், வைக்கோலுக்கு நடுவில், அது சுருண்டு கிடந்தது. பக்கத்தில் வைத்திருந்த புற்று மண் அப்படியே இருந்தது.

"தூக்கினதுலேர்ந்து ரெண்டு நாளா ஒண்ணும் துன்னல மேடம்" என்றார் தேவராஜ். நல்ல உயரம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பாக்கெட் பிஸ்கெட். "மோட்டார் போட வந்த நிலத்துக்காரரு சம்சாரந்தான் கெணத்துக்குள்ள பாத்துட்டுக் கத்தியிருக்கு. தண்ணி கம்மி, அதனால பொழச்சிது. மேல தூக்கினதும் ஊரே கூடி, பலாப்பழம்னு நெனச்சிக்கினு நின்னுதாம்."

அவரை வாசலில் இருக்கச் சொல்லிவிட்டு, மங்கலான சிவப்பு விளக்கோடு சுவரோரம் உட்கார்ந்தேன். இந்த வேலையில் பாதி சும்மா உட்கார்ந்திருப்பதுதான். கால் மரத்துப்போன நேரத்தில் பந்து மெல்ல அவிழ்ந்தது. முதலில் ஒரு கூர்மூக்கு. பிறகு மிளகு போலக் கண். வலது முன்காலில் ஒரு நகம் பிளந்திருந்தது. சதை கெடவில்லை, எலும்பும் முறியவில்லை.

புற்று மண்ணை அது திரும்பியும் பார்க்கவில்லை. நேராகக் கதவுக்குப் போய், பின்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்களால் கதவைச் சுரண்ட ஆரம்பித்தது. அப்போதுதான் அதன் வயிற்றுப்பக்கம் தெரிந்தது. நெஞ்சில் இரண்டு காம்புகள், இரண்டும் வீங்கி, ஒன்றின் நுனியில் வெள்ளையாக ஒரு துளி.

வெளியே வந்து தேவராஜிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த பிஸ்கெட்டைப் பாக்கெட்டுக்குள் திரும்பப் போட்டார்.

"அப்ப குட்டி?"

"எங்கேயோ ஒரு வளையில கிடக்கு. இது வரும்னு காத்துக்கிட்டு."

இயக்குநரைக் கூப்பிட்டேன். அவர் பேசுவது இந்தி; நான் தமிழில் எழுதுகிறேன்.

"காயம் ஆறுமா?"

"ஆறிவிடும் சார்."

"ஆறும் என்று நீங்கள் சொன்னால் காட்டில் விடச் சொல்வார்கள். ஆறாது என்றால் நமக்குத் தருவார்கள். உங்கள் சொல்தான் முடிவு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "குட்டி இத்தனை நாள் தாங்கியிருக்காது, டாக்டர். தாயையாவது நாம் காப்பாற்றலாம். நம் ஆண் தனியாகவே கிழடாகிக்கொண்டிருக்கிறது."

அவர் கெட்டவர் அல்ல. அந்தப் பெண் அழுங்கு செத்த அன்று, என் அறை வாசலில் நெடுநேரம் நின்றுவிட்டுப் போனவர். அதனால்தான் பதில் சொல்லச் சிரமமாக இருந்தது. காலையில் கெடாருக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள், உள்ளே தகரம் அடித்த மரப்பெட்டியில் அதை வைத்து, ஜீப்பின் பின்னால் ஏற்றினோம். செஞ்சி சாலையில் போய்க் கெடாருக்குத் திரும்புவது தேவராஜின் திட்டம். ஜீப்புக்கு வேறு திட்டம் இருந்தது. மேல்சித்தாமூர் விலக்கு அருகே முன்பக்கம் ஆவி கிளம்பி, வண்டி நின்றது.

"பேஜாரு புடிச்ச வண்டி" என்று மூடியைத் திறந்தவர், என்னைத் தண்ணீர் கேட்டுவர அனுப்பினார். பக்கத்து வீட்டில் ஓர் அம்மா பித்தளைக் குடத்தில் துணி கட்டித் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் காலங்காலமாக இருக்கும் தமிழ்ச் சமணக் குடும்பம். குடத்தோடு தாமே வந்து, பெட்டியைக் காட்டி என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"அது இன்னா சாப்புடும்?"

கொஞ்சம் தயங்கினேன். "எறும்பு, கரையான்."

அம்மா என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "எறும்பு சாகக் கூடாதுன்னு நாங்க தண்ணிய வடிகட்டிக்கினு இருக்கோம். நீங்க எறும்பு துன்றதுக்கு எங்கிட்ட வந்து தண்ணி கேக்குறீங்க!"

"ஜீப்புக்குத்தான்மா" என்று தேவராஜ் சமாளிக்கப் பார்த்தார்.

"இருக்கட்டும்யா. அதும் பொறப்பு அது. குட்டிக்காரின்னு சொல்றீங்க. இந்தாங்க, ஊத்துங்க." குடம் காலியானதும் உள்ளே போய் இன்னொன்று கொண்டுவந்தார். கூடவே ஆளுக்கு இரண்டு இட்லி.

கெடாருக்கு வெளியே, பாறைக் குன்று ஒன்றின் கீழே ஏழுமலையின் நிலம். மல்லாட்டைப் பயிர், ஓரத்தில் கொஞ்சம் கேப்பை, நடுவில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. ஏழுமலை பேச்சுக் குறைந்த மனிதர். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி அஞ்சலை பேசுவார். விலங்கைக் கிணற்றில் முதலில் பார்த்தவர் அவர்தான்.

"நல்லவேள இட்டுக்கினு வந்தீங்க டாக்டரம்மா. அது போனதுலேர்ந்து ஒரே ரோதன. போன்ல படம் புடிச்சி எவனோ அனுப்பிட்டான். நேத்து ரெண்டு பேரு பைக்ல வந்து, செதிலு கிதிலு வுழுந்துச்சா, வேற அழுங்கு கீதான்னு கேட்டுக்கினு நின்னானுங்க. எனக்கு அவனுங்க மூஞ்சியே புடிக்கல."

அழுங்கின் செதிலை மருந்து என்று நம்பி வாங்குகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். விற்கிறவர்களும் இருக்கிறார்கள். உலகத்திலேயே அதிகம் திருடப்படும் விலங்குகளில் ஒன்று இது. நகத்தில் இருக்கும் அதே பொருள்தான் செதிலிலும் என்று சொன்னேன். அஞ்சலை தன் விரலைப் பார்த்துக்கொண்டார். "அதுக்கா கொல்றானுங்க?"

குட்டி விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. மறுபேச்சில்லாமல் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

நால்வரும் குன்று முழுக்கத் தேடினோம். நான்கைந்து வளைகள் இருந்தன. எல்லாம் பழையவை, வாயில் சிலந்தி வலை. ஒன்றில் உடும்பு இருந்தது. புற்றுகளில் நகக் கீறல்கள் தெரிந்தன, ஆனால் எதுவும் எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. பாறை சுட்டது. ஏழுமலையின் முழங்கால் முள்ளில் கிழிந்தது. மத்தியானம் தாண்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை. பெட்டியை வேப்ப நிழலில் வைத்து, மேலே ஈரச்சாக்குப் போட்டிருந்தோம். அவ்வப்போது உள்ளே சுரண்டும் சத்தம் கேட்டது.

இயக்குநர் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டாவது முறை கெஞ்சினார். "பெட்டியைத் திறந்தால் இரண்டும் போய்விடும். யோசியுங்கள்."

யோசித்தேன். குட்டி செத்திருந்தால், தாயை விடுவது செதில் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பதாக முடியலாம். எங்கள் பூங்காவில் பூட்டும் காவலும் உண்டு. குடலில் புண் வராமல் இந்தமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கே ஒரு நம்பிக்கை. எதிரே, பெட்டிக்குள் சுரண்டல். தப்பிக்கச் சுரண்டும் விலங்கை நிறையப் பார்த்திருக்கிறேன். அவை எல்லாப் பக்கமும் சுரண்டும். இது பெட்டியை எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரே திசையில் இருந்த பக்கத்தைத்தான் சுரண்டியது.

தேவராஜ் தன் மேலதிகாரியிடம் பேசிவிட்டு வந்தார். "டாக்டர் சொல்றபடி செய்யின்னுட்டாரு மேடம். இன்னா செய்யலாம்?"

"நகம் ஆறிடும். காட்டுல இருக்க முடியாத அளவுக்கு அதுக்கு ஒண்ணும் இல்லை" என்றேன். "இங்கயே விட்டுடலாம். அதுக்கே தெரியும் எங்கே போகணும்னு."

மறுபடி கிணற்றில் விழுந்துவிடக் கூடாதே என்று, காட்டுப்பன்றி பயிருக்குள் வராமல் கட்ட வாங்கி வைத்திருந்த பழைய மீன்வலையைக் கிணற்றைச் சுற்றிக் கட்டினார் ஏழுமலை. மரக்காணத்தில் கடலுக்குப் போய் ஓய்ந்த வலை. பொழுது சாய்ந்து, குன்றின் நிழல் பயிர்மேல் விழுந்ததும் பெட்டியைத் திறந்துவிட்டு, கேப்பைக் கொல்லை ஓரம் போய்க் குந்தினோம்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூக்கு வெளியே வந்தது. காற்றை முகர்ந்தது. முன்னங்கால்களை நெஞ்சோடு மடக்கி, பின்கால்களில் நடந்தது. அது நடக்கும் விதத்தைப் பார்த்தால் எதையோ ஒளித்து எடுத்துப் போவது போல இருக்கும். நாங்கள் நாளெல்லாம் அலைந்த குன்றுப் பக்கம் அது திரும்பக்கூட இல்லை. கிணறு வெட்டியபோது அள்ளிக் கொட்டிய கல்லும் மண்ணும் கிணற்றோரம் ஒரு மேடாகக் கிடந்தது. அதன்மேல் புதராக நொச்சி. நேரே அந்தப் புதருக்குள் நுழைந்தது. மண் சரியும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டார். "அடப் பாவி! தெனம் நான் துணி ஒணத்துற எடம்யா அது!"

யாரும் கிட்டே போகவில்லை. குட்டி இருக்கிறதா, இருந்தால் உயிரோடு இருக்கிறதா, எதுவும் தெரியாமல் வீட்டுக்குத் திரும்பினோம். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார் அஞ்சலை. எங்கள் ஊர் மீன் குழம்பில் தேங்காய் அரைக்காமல் விடமாட்டோம். இதில் தேங்காய் வாசமே இல்லை. புளியும் காரமும் கண்ணைக் கலக்கின. களியை மெல்லாமல் விழுங்கச் சொல்லித் தந்தார்கள். எனக்கு வரவில்லை. கடித்துத் தின்றதைப் பார்த்து, பேசாத ஏழுமலையே சிரித்துவிட்டார். அவருடைய முழங்காலுக்கு மருந்து போட்டுவிட்டேன். அன்று நான் செய்த ஒரே வைத்தியம் அதுதான்.

காலையில் தூரத்திலிருந்தே பார்த்தோம். வளையின் வாயை உள்ளேயிருந்து புது மண்ணால் அடைத்திருந்தது. தாய் உள்ளே இருக்கிறது. உள்ளே இன்னொன்றும் இருந்தால்தானே அத்தனை கவனமாக அடைக்கும் என்றார் அஞ்சலை. அப்படிச் சொல்ல முடியாது, தனியாக இருந்தாலும் அடைக்கும் என்பதை நான் சொல்லவில்லை. அன்று மாலைவரை அங்கேயே இருந்து, அது வெளியே வருவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவது என்று முடிவு செய்தேன்.

அதற்குள் பைக் சத்தம் கேட்டது. அதே இருவர். ஒருவன் நல்ல வெள்ளைச் சட்டை, மரியாதையான சிரிப்பு.

"இன்னாக்கா, அழுங்கு திரும்ப வந்துடுச்சாமே?"

தேவராஜ் அன்று சீருடையில் இல்லை. அஞ்சலை மூடிக் கிடந்த காலிப் பெட்டியைக் கையால் காட்டினார். "எங்க வர்றது? அதோ பொட்டிக்குள்ள கீது. கால் ஒடைஞ்சி போச்சாம். டாக்டரம்மா டெல்லிக்கிக் கொண்டு போறாங்க. அதான் போலீசு, பாரஸ்ட்டு எல்லாம் வர்றாங்க. நீங்களும் இருந்து பாத்துட்டுப் போங்களேன்."

அவர்கள் இருந்து பார்க்கவில்லை. ஆனால் தெருமுனைவரை போய், டீக்கடையில் நின்றார்கள். தேவராஜ் வண்டி எண்ணை மேலதிகாரிக்குச் சொல்லிவிட்டு வந்தார். இனி ஒரே வழிதான் இருந்தது. ஊர் பார்க்க, அழுங்கு ஊரைவிட்டுப் போக வேண்டும்.

பெட்டிக்குள் இரண்டு செங்கல்லைச் சாக்கில் சுற்றி வைத்தது அஞ்சலைதான். ஏழுமலையும் தேவராஜும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சு வாங்க, மெயின் ரோடு வரை தெருவழியே தூக்கி வந்தார்கள். சாமி ஊர்வலம் மாதிரி ஆகிவிட்டது. "பாத்துப் பாத்து, அடிபட்ட ஜீவன்" என்றார் ஒருவர். ஒரு பெண் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஆடாமத் தூக்குங்கய்யா, உள்ள மயக்கமா கீது" என்று அஞ்சலை அதட்டினார். டீக்கடையில் நின்றவர்கள் ஜீப் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்க்காமல் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த மேட்டு வளை காலியாகி, தாய் வேறெங்கோ போய்ப் பல மாதம் ஆன பிறகுதான் இதை எழுதுகிறேன். எங்கே போனது என்று எனக்கே தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லது.

ஆனால் அன்று அந்த ஜீப்பில் எனக்கு அழுகை வந்தது. இத்தனை தூரம் வந்து, ஒரு உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே கிளம்புகிறேன். பொழுது சாயும்வரை இருக்க முடியாது. நான் அங்கே இருந்தாலே ஊர் கண்ணில் உறுத்தும். விழுப்புரத்தில் மாலை ரயிலில் சென்னைக்கு ஏற்றிவிட்ட தேவராஜ், பாதி பிஸ்கெட் பாக்கெட்டை என் கையில் திணித்தார். "அந்தம்மா போன் பண்ணுவாங்க மேடம். நானும் ராத்திரிக்கு ஒரு ஆள அங்க போட்டுடறேன்."

ரயிலில் எதிரே இருந்தவர்கள் புளிச்சோறு பிரித்தார்கள். ஒரு பெண் ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டு, எனக்கும் ஓர் இலையில் வைத்துக் கொடுத்தாள். வெளியே பனைமரங்கள் கறுத்துக்கொண்டு வந்தன. இந்நேரம் வளையின் வாய் திறந்திருக்கும். திறந்திருந்தாலும் தாய் மட்டும் வந்திருக்கலாம். போனை எடுத்துப் பார்த்துப் பார்த்து மடியில் வைத்தேன்.

ரயில் திண்டிவனத்தில் நின்றபோது போன் அடித்தது. அஞ்சலை கிசுகிசுத்தார். பக்கத்தில் ஏழுமலை மூச்சுவிடுவதுகூடக் கேட்டது.

"டாக்டரம்மா... வெளிய வந்துட்டா. வாலு மேல இன்னாவோ ஒட்டிக்கினு இருக்குது. இரு, இரு... குட்டி! குட்டிதான்! ஆத்தா வாலப் புடிச்சிக்கினு குந்திக்கினு போவுது! உயிரோட கீது, தல ஆடுது!"

"எவ்வளவு பெரிசு அக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு பாகக்கா அளவுக்குத்தான். அச்சு அசலா பாகக்காயேதான்." பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. "யோவ், ஆடாம நில்லுய்யா" என்று கணவரை அதட்டுவது கேட்டது. அதற்குப்பின் வெறும் பூச்சிகளின் சத்தம். அந்தச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வண்டி நகர்ந்ததும் இயக்குநரைக் கூப்பிட்டேன். தாயை விட்டுவிட்டதைச் சொன்னேன். குட்டி உயிரோடு இருப்பதையும் சொன்னேன். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"நீங்கள் பார்த்தீர்களா?"

"இல்லை சார். பார்த்தவர் சொன்னார்."

"எவ்வளவு பெரிசாம்?"

இத்தனை வருடம் இந்தி பேசுகிற எனக்கு அந்த நேரத்தில் அந்த ஒரு காயின் பெயர் மட்டும் வரவில்லை. "பாகற்காய் அளவு சார்" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, "நல்லது, நல்லது" என்றார். சொல்லும்போது அவர் குரலும் சரியாக இல்லை.